ஆறு படத்தில் என்ன ஆகிறது? டெல்டா நாவல்களும் அவற்றிலிருந்து வந்த படங்களும்

வெண்ணாற்றங்கரை

நம் பக்கத்தை வைத்து எழுதின கதைகள் பல படமாகிவிட்டன. தியாகபூமி, கள்வனின் காதலி, தில்லானா மோகனாம்பாள், மோகமுள், கடைசியாகப் பொன்னியின் செல்வன். பேச்சு எடுத்தாலே "நாவல் மாதிரி இல்லை" என்று ஒரு கட்சி, "நாவலை மறந்துவிட்டுப் பாருங்கள்" என்று ஒரு கட்சி. எனக்கு வேறு ஒரு கேள்வி ரொம்ப நாளாக இருக்கிறது. இந்த நாவல்களில் ஆறு ஒரு வேலை செய்கிறது. படத்தில் அந்த வேலையை யார் செய்கிறார்கள்?

கல்கி பொன்னியின் செல்வனை ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று தொடங்குகிறார். வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரைமேல் குதிரையில் வருகிறான். 74 கணவாய்களிலும் தண்ணீர் பாய்கிறது. கரையெல்லாம் ஜனங்கள், கையில் சித்திரான்னம். அரண்மனையும் சதியும் நம் கண்ணில் படும் முன்பே ஏரியும் சோறும் வந்துவிடுகின்றன. எந்த நாட்டுக்காக இத்தனை பேர் அடித்துக்கொள்கிறார்கள் என்பது முதல் அத்தியாயத்திலேயே புரிந்துவிடும். இன்றைக்கு அதுதான் வீராணம். கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் கொள்ளிடத் தண்ணீர் வந்து நிரம்பும். காட்டுமன்னார்கோயில் போனவர்களுக்கு அந்தக் கரை தெரியும். 2022-ல் வந்த படம் போர்க்களத்தில் ஆரம்பிக்கிறது.

ஆற்றைக் காட்டவில்லை என்று நான் குறை சொல்லவில்லை. அழகாகவே காட்டுகிறார்கள். ஆனால் நாவலில் ஆறு கதையைத் திருப்புகிறது. பெரிய பழுவேட்டரையர் வந்த படகு புயலில் கொள்ளிடத்தில் கவிழ்கிறது. அதில் தப்பிக் கரையேறினதால்தான் சதிகாரர்கள் பேசுவது அவர் காதில் விழுகிறது. நாகப்பட்டினத்தில் கடல் ஊருக்குள் ஏறிச் சூடாமணி விகாரம் மூழ்கும்போதுதான் அருள்மொழிவர்மர் ஒளிந்திருந்த இடத்தை விட்டு வெளியே வருகிறார். தியாகபூமியில் புயலும் வெள்ளமும் வந்து சேரிக் குடிசைகள் போய்விட, சம்பு சாஸ்திரி தன் மாட்டுக்கொட்டிலில் அவர்களுக்கு இடம் கொடுக்கிறார், அக்கிரகாரம் அவரைத் தள்ளிவைக்கிறது. கள்வனின் காதலியில் முத்தையன் அத்தனை நாள் போலீஸ் கையில் சிக்காமல் இருப்பதற்குக் கொள்ளிடத்துப் படுகைதான் காரணம். தண்ணீரை எடுத்துவிட்டால் இந்தக் கதைகள் ஒன்றுமே நகராது.

உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

பழையாறை வாசகி

அண்ணே, கேள்வி நல்ல கேள்வி. ஆனால் படத்துக்கு நீங்கள் வைக்கும் அளவுகோல் கொஞ்சம் கடுமையாக இருக்கிறது.

1950-லிருந்து 1954 வரைக்கும் வாரா வாரம் வந்த கதை. ஐந்து பாகம். மணியம் படம் வரைந்தார். வாசகர்கள் மூன்றரை வருஷம் அந்த மனிதர்களோடு வாழ்ந்தார்கள். அதை இரண்டு படமாகச் சுருக்கும்போது எதை விடுவது? கடம்பூர் இளவரசி மணிமேகலையையே விட்டுவிட்டார்கள். நாவலில் சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்று கடைசியில் ஒரு பெரிய முடிச்சு அவிழும், அதையும் விட்டுவிட்டார்கள். முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், அந்த முடிச்சை வைத்திருந்தால் அதை விளக்கவே ஒரு மணி நேரம் போயிருக்கும், கரிகாலனும் நந்தினியும் ஓரத்துக்குப் போயிருப்பார்கள்.

கடம்பூர் மாளிகையில் அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்கும் காட்சிக்காகவே நான் இரண்டாம் பாகத்தைத் திரும்பவும் பார்த்தேன். அந்த இடத்தில் கல்கி ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார். கரிகாலனைக் கொன்றது யார் என்று உறுதியாகச் சொல்லாமல் இருட்டில் விட்டுவிடுகிறார். உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர்கள் இருந்தும், கதையில் அந்தக் கத்தி யார் கையில் இருந்தது என்பதை நம்மிடமே விட்டுவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பட்டீஸ்வரம் பக்கத்தில் வளர்ந்தவள். நாவலில் குந்தவை இருக்கும் பழையாறை எங்கள் பக்கம்தான். பக்கத்து ஊர் பெயர் சோழன்மாளிகை. படம் வருவதற்கு முன்னால் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அது பஸ் நிற்கும் ஊர், அவ்வளவுதான். படம் பார்த்தபிறகு "குந்தவை இங்கேயா இருந்தாள்" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை எழுப்பிய படத்தை நான் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சீவாளி

ஆறு கதையைத் திருப்ப வேண்டும் என்றால் தில்லானா மோகனாம்பாளை என்ன செய்வீர்கள்? அதில் கதையைத் திருப்புவது நாதஸ்வரம். என்னைக் கேட்டால் டெல்டாக் கதையைச் சரியாகப் படமாக்கியது அது ஒன்றுதான்.

நான் மேளக்காரக் குடும்பம். அதனால் நான் பார்க்கும் கண் வேறு. கொத்தமங்கலம் சுப்பு கலைமணி என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதின தொடர், கோபுலுவின் ஓவியம். ஏ.பி.நாகராஜன் 1968-ல் எடுத்தார். சிக்கல் சண்முகசுந்தரம் நாகைப் பக்கத்துக்காரன், மோகனா திருவாரூர்க்காரி. வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் சிவாஜி. சாதாரணமாக நடிகர்கள் நாயனத்தைப் பிடித்தால் எங்கள் வீட்டில் யாரும் பார்க்கமாட்டார்கள், விரல் ஒரு பக்கம் போகும், பாட்டு ஒரு பக்கம் போகும். சிவாஜி அப்படியில்லை. மூச்சு இழுக்கும் இடம், கன்னம் உப்பும் இடம், ஒரு சங்கதி முடிந்ததும் பக்கத்துத் தவில்காரரைப் பார்க்கும் பார்வை எல்லாம் இருக்கிறது. பாலையாவின் தவில்கார முத்துராக்கு அதற்கும் மேலே. கச்சேரிக்கு நடுவில் தவில்காரருக்கு ஒரு கர்வம் உண்டு, பாலையா முகத்தில் அது அப்படியே தெரியும்.

கதையின் அடிப்படைச் சண்டையைக் கவனியுங்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வெடி வைக்கிறார்கள். சண்முகசுந்தரம் கோபப்பட்டு நிறுத்திவிடுகிறான். மற்றவர்களுக்கு அது பெரிய கோபமாகத் தெரியலாம். எங்களுக்குத் தெரியும். ஆலாபனை நடுவில் அதிர்வேட்டுப் போடுகிற திருவிழா இன்றைக்கும் உண்டு. "நிறுத்து" என்று சொல்லும் தைரியம் யாருக்கும் இருந்ததில்லை. அந்தக் காட்சியை என் அப்பா ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்து பார்ப்பார்.

குழு ஊர் ஊராகப் போவதை அந்தப் படம் காட்டுகிற மாதிரி வேறு எதுவும் காட்டவில்லை. ரயிலில் ஒரே பெட்டியில் இரண்டு குழுவும். யார் எங்கே உட்காருவது, யார் யாரிடம் பேசுவது, சுருதி பிடிக்கிற ஒத்துக்காரருக்கு எவ்வளவு மரியாதை. எங்கள் வாழ்க்கை பாதி அதுதான். கோயில் இருந்தால் மேளம், மேளம் இருந்தால் பிரயாணம்.

நாதஸ்வரம் செய்கிற இடம் ஆடுதுறைப் பக்கம் நரசிங்கன்பேட்டை. பழைய வீடுகளில் இருந்து எடுத்த ஆச்சா மரத்தில்தான் கடைகிறார்கள், ஈரம் போன மரமாக இருக்க வேண்டும். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பட்டறைகளை வைத்து யாராவது கதை எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குவேன்.

தாளடி

மேலே எழுதினவர்கள் எல்லாரும் ஆறு, கோயில், கச்சேரி, அரண்மனை என்றே பேசுகிறீர்கள். வாய்க்காலில் வந்த தண்ணீரை வயலுக்கு மடை திருப்பின கை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. தியாகபூமியில் கூடச் சேரி மக்கள் சாஸ்திரியின் நல்ல மனசைக் காட்டத்தான் வருகிறார்கள்.

1968 டிசம்பர் 25 இரவு. கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்டதற்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்ததற்கும் பதிலாக, ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்த 44 பேரை எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். தில்லானா மோகனாம்பாள் வந்ததும் அதே 1968. இதைப் படத்தின் குற்றமாக நான் சொல்லவில்லை. நாகை என்றால் நாயனம் மட்டும் நினைவுக்கு வரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதின நாவல் குருதிப்புனல், 1977-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதைத் தழுவித்தான் 1983-ல் ஸ்ரீதர் ராஜன் கண் சிவந்தால் மண் சிவக்கும் எடுத்தார். முதல் பட இயக்குநருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் படம் இருப்பதே தெரியாது. குருதிப்புனல் என்றால் 1995-ல் கமல்ஹாசன் நடித்த படத்தைச் சொல்கிறார்கள். அது துரோகால் என்ற இந்திப் படத்தின் தழுவல், இந்த நாவலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நாவலோடும் எனக்குச் சண்டை உண்டு. பண்ணையார் கண்ணையா நாயுடுவின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக் குறையை ஒரு காரணமாக வைக்கிறார் ஆசிரியர். நாவல் வந்த காலத்திலேயே இடதுசாரிகள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். நான் அவர்கள் பக்கம். எரித்தது ஒரு ஆளின் மனக்கோளாறு என்று ஆகிவிட்டால், நிலம் யார் கையில் இருந்தது, கூலி நெல்லை யார் அளந்தது என்பதெல்லாம் பின்னால் போய்விடுகிறது. டில்லியிலிருந்து வந்த கோபால், சிவா வழியாகக் கதையைப் பார்ப்பதும் எனக்கு ஒட்டவில்லை. சோலை சுந்தரபெருமாளின் செந்நெல் படியுங்கள். அதே சம்பவம், உள்ளே இருந்து சொன்னது. பாரதி கிருஷ்ணகுமாரின் ராமையாவின் குடிசை ஆவணப்படத்தையும் பாருங்கள். அதில் பேசுகிறவர்கள் அங்கேயே வாழ்ந்தவர்கள்.

வெண்ணாற்றங்கரை அண்ணே, உங்கள் கேள்வியை நான் இப்படி மாற்றிக் கேட்பேன். ஆற்றில் தண்ணீர் வந்தால் யாருக்கு வேலை வரும், யாருக்கு நெல் வரும்? இந்த இரண்டையும் ஒரே படத்தில் காட்டியவர் யார்?

வெண்ணாற்றங்கரை

தம்பி தாளடி, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பக்கத்திலாவது வந்த ஒரு படம் சொல்கிறேன். நாலு வேலி நிலம். தி.ஜானகிராமன் சேவா ஸ்டேஜ் நாடகக்குழுவுக்காக எழுதின நாடகம். சகஸ்ரநாமம் மேடையில் நடத்தி, பிறகு 1959-ல் படமாக வந்தது. முக்தா சீனிவாசன் இயக்கம். ஒரு வேலி என்றால் 20 மா, ஏக்கரில் ஆறரைக்கு மேல். நாலு வேலி என்பது அந்தக் காலத்தில் ஒரு மனிதனை ஊரில் தலை நிமிரவைக்கும் நிலம். தலைப்பே நிலக்கணக்காக இருக்கிற படம் தமிழில் அபூர்வம். ஆனால் அதுவும் நிலம் வாங்குகிறவன், வைத்திருக்கிறவன் பக்கத்துக் கதைதான். உழுகிறவன் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்கிற படம் இன்னும் வரவில்லை என்றே எனக்கும் படுகிறது.

செந்நெல்லைப் படமாக்க யாராவது வந்தால் வெண்ணாற்றுப் பக்கம் ஊர் ஊராக நானே கூட்டிப்போய்க் காட்டுவேன்.

துக்காம்பாளையம்

தி.ஜா. பெயர் வந்துவிட்டது, இனி நான் சும்மா இருக்க முடியாது.

மோகமுள் 1950களில் சுதேசமித்திரனில் தொடராக வந்தது. சங்கீதம் கற்கும் பாபு, தன்னைவிட மூத்த யமுனாமேல் வைக்கும் மோகம்தான் கதை. கும்பகோணம் அதில் ஒரு பாத்திரம். யமுனா வீடு இருக்கிற துக்காம்பாளையத் தெரு, காவிரிப் படித்துறை, குரு ரங்கண்ணா வீட்டுக்குப் பாபு நடந்து போகும் வழி. நாவலைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் ஊரில் நடக்கலாம், நான் நடந்திருக்கிறேன். 1995-ல் ஞான ராஜசேகரன் படமாக எடுத்தார். அவருக்கும் முதல் பட இயக்குநருக்கான தேசிய விருது. டெல்டா நாவலை எடுத்த இரண்டு பேருக்கு அதே விருது கிடைத்திருக்கிறது என்பது தாளடி எழுதினதைப் படித்ததும் உறைத்தது.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ரங்கண்ணாவாக வந்த நெடுமுடி வேணு. குரு என்றால் எப்படி இருப்பார் என்று படிக்கும்போது மனதில் இருந்த உருவம் வேறு. படம் பார்த்தபிறகு அவர் முகம்தான் நிற்கிறது. இளையராஜாவின் பாட்டுகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் படத்தில் ஒன்று நடக்கவே முடியாது, அதற்கு இயக்குநரைக் குறைசொல்லக்கூடாது. நாவலில் சங்கீதம் காதில் விழாது, எழுத்தாகத்தான் வரும். மராட்டியப் பாடகர்கள் வந்து பாடும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் குரலின் கனமும் பயிற்சியும் பாபுவை எப்படி உலுக்குகின்றன என்பதைத் தி.ஜா. எழுதுகிறார். படிக்கிற நாம் ஒவ்வொருவரும் நம் காதுக்குத் தெரிந்த மிகப் பெரிய குரலை அங்கே வைத்துக்கொள்கிறோம். தன் குரல் இன்னும் தயாராகவில்லை என்று அவனுக்குப் படுவதும், கடைசியில் ஊரை விட்டு அந்த மராட்டியப் பக்கம் கற்றுக்கொள்ளப் போவதும் அதனால்தான் நம்பும்படி இருக்கிறது. படத்தில் ஒரு குரல் பாடிவிட்டால் அது அந்தக் குரல்தான். நன்றாகவே இருக்கலாம், ஆனால் அளவு தெரிந்துவிடுகிறது.

தங்கம்மாவையும் சொல்ல வேண்டும். கிழவருக்குக் கட்டிவைக்கப்பட்ட பக்கத்து வீட்டுச் சின்னப் பெண், கிணற்றில் விழுந்து செத்துப்போகிறாள். மோகமுள் என்றாலே பாபுவும் யமுனாவும் என்று பேசுகிறோம். நாவலில் என்னை விடாமல் பிடித்திருப்பது தங்கம்மா. அவள் பக்கத்துக் கதையை மட்டும் யாராவது படமாக எடுக்கலாம்.

சீவாளி ஐயா, தில்லானா ஒன்றுதான் சரியாக வந்தது என்கிறீர்கள். அந்தக் கதையில் வாத்தியம் வெளியே இருக்கிறது, அதனால் காட்ட முடிந்தது. இங்கே சங்கீதம் ஒருவன் மனசுக்குள் நடக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம்.

சீவாளி

ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ரங்கண்ணா வீட்டில் பாடம் நடக்கும் காட்சிகள் இன்னும் நீளமாக இருந்திருக்கலாம். ஒரு வரிசையைச் சிஷ்யன் திரும்பத் திரும்பப் பாடுவதை ஐந்து நிமிஷம் காட்டினால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்ற பயம் எல்லாப் படக்காரர்களுக்கும் இருக்கிறது. போகமாட்டார்கள். நம் ஊரில் விடிய விடிய மல்லாரி கேட்ட ஜனங்கள் இவர்கள்.

கோடிக்கரைக்காரன்

பொன்னியின் செல்வனில் படகோட்டும் பூங்குழலியின் ஊரான கோடிக்கரையிலிருந்து எழுதுகிறேன். முதல் பதிவைப் படித்ததும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

படத்தில் பூங்குழலி கடலும் படகுமாக வருகிறாள். அழகுதான். ஆனால் எங்கள் ஊர் கடல் மட்டும் இல்லை. நாவலில் வந்தியத்தேவன் அவளைத் துரத்திக்கொண்டு ஓடிப் புதைசேற்றில் சிக்குகிறான். அவள்தான் வெளியே இழுத்துவிடுகிறாள். வெளியூர்க்காரர்கள் அதைக் கல்கியின் கற்பனை என்று நினைக்கிறார்கள். கோடியக்காட்டைத் தாண்டிச் சதுப்பில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று உள்ளூர் ஆள்தான் சொல்ல முடியும். அந்த ஒரு காட்சியில் அரச தூதனைவிடப் படகோட்டிப் பெண்ணுக்கு நிலம் தெரியும் என்று கல்கி சொல்லிவிடுகிறார். அவள் பிறகு பேசுகிற ஒவ்வொரு துடுக்கான பேச்சுக்கும் அந்தச் சேறுதான் பலம்.

கலங்கரை விளக்கம், குழகர் கோயில், காடு எல்லாம் நாவலில் வரிசையாக வரும். கோயிலும் காடும் இன்றும் இருக்கின்றன. காடு 1967-லிருந்து சரணாலயம். வெளிமான் இருக்கிறது, பனிக்காலத்தில் சதுப்பில் பூநாரை இறங்கும், அந்தப் பக்கம் வேதாரண்யம் உப்பளம். படத்தின் பெரும்பகுதி தாய்லாந்திலும் ஹைதராபாத்திலும் எடுக்கப்பட்டது. அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், புரிகிறது. ஆனால் இங்கே எடுத்திருந்தால் அந்தச் சேறும் ஒரு காட்சியாக வந்திருக்கும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. இடத்தில் போய் நின்றால் இடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

பழையாறை வாசகி

கோடிக்கரைத் தம்பி, சேற்றைப் பற்றிச் சொன்னது என்னை யோசிக்கவைத்துவிட்டது. படம் அவளை அழகாகக் காட்டியது, ஆனால் அவளுடைய கெட்டிக்காரத்தனம் குறைந்துபோனது என்று எனக்கும் ஒரு குறை இருந்தது. ஏன் என்று இப்போதுதான் பிடிபடுகிறது. படத்தை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை, இந்த ஒரு இடத்தில் உங்களோடு நிற்கிறேன்.

குறுவை 19

வணக்கம். நான் கல்லூரியில் முதலாம் ஆண்டு, மன்னார்குடி. இதில் சொன்ன படங்களில் பொன்னியின் செல்வன் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், நாவல் எதுவும் படித்ததில்லை. முதலில் எதைப் படிப்பது? படத்தைப் பார்த்துவிட்டுப் படிப்பதா, படித்துவிட்டுப் பார்ப்பதா?

துக்காம்பாளையம்

மன்னார்குடி என்றால் தி.ஜா. உங்கள் பக்கத்து ஆள். தேவங்குடியில் பிறந்தவர். அதனால் சொல்கிறேன், மோகமுள்ளில் ஆரம்பிக்காதீர்கள், அது பெரிய நாவல். அவருடைய சிறுகதைகள் கொஞ்சம் படியுங்கள், அப்புறம் அம்மா வந்தாள், அதற்கு மேல் மோகமுள். நாவலை முடித்தபிறகு படம். இந்த நாவலுக்கு அந்த வரிசைதான் நல்லது, யமுனா முதலில் உங்கள் மனசில் உருவாகட்டும்.

சீவாளி

தில்லானாவுக்கு நேர்மாறு தம்பி. முதலில் படம் பார்த்துவிடுங்கள். நாயனம் காதில் இருந்தால் நாவல் ஓடும்.

தாளடி

செந்நெல் நூலகத்தில் கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் தனிச்செய்தி அனுப்புங்கள், என் பிரதியை மன்னார்குடிக்குக் கொண்டுவந்து தருகிறேன். குருதிப்புனலையும் சேர்த்துப் படித்துவிட்டு, நான் மேலே சொன்ன குறை சரியா தப்பா என்று நீங்களே எழுதுங்கள்.

வெண்ணாற்றங்கரை

தம்பி, உங்கள் பட்டியலில் சா.கந்தசாமியின் சாயாவனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய நாவல், இரண்டு நாளில் முடியும். பூம்புகார் பக்கத்துச் சாயாவனம். சிதம்பரம் என்று ஒருவன் வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பி, கரும்பாலை வைக்க ஒரு பெரிய காட்டை வாங்குகிறான். வெட்டுகிறான், கடைசியில் கொளுத்துகிறான். நாவலில் பெரும்பகுதி அந்த அழிப்பு வேலைதான். கொடி எப்படி அறுபடுகிறது, மரம் எந்தப் பக்கம் சாய்கிறது, பறவைகள் எங்கே போகின்றன, தீ ஒரு மரத்தில் நின்று அடுத்த மரத்துக்கு எப்படித் தாவுகிறது. நல்லவன் கெட்டவன் என்று யாரையும் ஆசிரியர் காட்டிக்கொடுப்பதில்லை. ஆலை வந்துவிடுகிறது. ஆனால் ஊருக்கே புளி கொடுத்த மரங்கள் அந்தத் தீயில் போய்விட்டன, பெண்களுக்குக் குழம்பு வைக்கப் புளி இல்லை.

எனக்குத் தெரிந்து டெல்டா நாவல்களில் சினிமாவுக்கு மிகவும் பக்கத்தில் இருப்பது இதுதான். வசனம் குறைவு, வேலை அதிகம். துக்காம்பாளையம் சொன்ன சிக்கல் இதில் இல்லை, எல்லாமே வெளியே நடக்கிறது. தாளடி கேட்ட கையும் இருக்கிறது, காட்டை வெட்டுகிற கூலி ஆட்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார்கள். நரசிங்கன்பேட்டைக் கதையை யாராவது எழுதும் வரைக்கும் சீவாளி ஐயாவும் இதைப் படிக்கலாம். படித்தவர்கள் வாருங்கள், அந்தத் தீயை எப்படி எடுப்பது என்று பேசுவோம்.

தாளடி

நான் படித்திருக்கிறேன் அண்ணே. தீயைத் தூரத்திலிருந்து எடுக்கக்கூடாது. கொளுத்துகிற ஆட்களுக்கு அடுத்த நாள் என்ன வேலை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.